வெள்ளிக்கிழமைக் கெடு

உப்புநீர்த் தொட்டியில் சீஸ் சக்கரங்கள் மிதந்தன.

அவற்றுக்கு நடுவே கார்லும்... குப்புற.

பிப்ரவரி மாதச் சனிக்கிழமை காலை. விஸ்கான்சின் பனி ஜன்னல்களை அடைத்திருந்தது. கார்லின் மனைவி ஜனீன், அவனுடைய ஒற்றை பூட்ஸைப் பிடித்தபடி பால் கேன் மீது உட்கார்ந்திருந்தாள். அது எப்படித் தன் கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"வழுக்கி விழலை," என்றார் ஷெரீப் ஹால்வர். "பின்மண்டையில அடி."

கார்லின் தம்பி டுவெயின், அந்தச் சீஸ் தொழிற்சாலையின் இன்னொரு பங்குதாரன், தொண்டையைக் கனைத்தான்.

"நான் நேத்து மத்தியானமே ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிட்டேன் ஷெரீப். அப்புறம் அண்ணனைப் பார்க்கவுமில்ல, பேசவுமில்ல."

"மீன் கிடைச்சுதா?"

"ஒண்ணுகூட இல்ல."

"எங்கம்மாகூட ரெண்டு பிடிச்சிருப்பாங்க." ஷெரீப் திரும்பினார். "அவருக்கு யாரோடயாவது பகை உண்டா ஜனீன்?"

"பகையெல்லாம் இல்ல. பழைய லாபத்தைப் பிரிக்கணும்னு இருந்தார்."

"அதுல என்ன அவசரம்?"

கணக்கு எழுதுபவள் அவள்தான். தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"முன்னாடி கம்பெனிக்குத் தனியா வரி கிடையாது; லாபத்துக்கு அண்ணனும் தம்பியும் அவங்க கையிலேருந்தே வரி கட்டிட்டாங்க. போன மார்ச்சுல ஒரு பால் கம்பெனிக்குக் கொஞ்சம் பங்கு வித்தோம். அதோட அந்தச் சலுகை போச்சு. வரி கட்டின லாபத்தை ஒரு கெடுவுக்குள்ள ரொக்கமா எடுத்துக்கலாம். தாண்டினா டிவிடெண்டுன்னு மறுபடியும் வரி."

டுவெயின் பெருமூச்சு விட்டான்.

"அதுவும் நேத்து வெள்ளிக்கிழமையோட முடிஞ்சு போச்சே அண்ணி. இனி அந்தப் பணம் கம்பெனியிலயே கிடக்கட்டும்."

பூட்ஸ் கீழே விழுந்தது.

"வெள்ளிக்கிழமைன்னு உனக்கு யார் சொன்னா?"

"சட்டத்துல இருக்கே..."

"சட்டத்துல ஏப்ரல் பதினஞ்சு, டுவெயின்."

ஜனீன் நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள்.

"அவர் எதையும் தள்ளிப் போடுவார். வாசக்கதவு கீலுக்கு எண்ணெய் விட மூணு வருஷமாச்சு. அதான் நேத்து நாலு மணிக்கு அவர்கிட்ட போன்ல ஒரு பொய் சொன்னேன்... இன்னிக்குத்தான் கடைசி நாள், உடனே உன்கிட்ட செக்குல கையெழுத்து வாங்கணும்னு. அந்த வெள்ளிக்கிழமைக் கெடு ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். இன்னொருத்தர் தொட்டியில இருக்கார்."

டுவெயினின் முகம் மோர் போல வெளுத்தது.

"கம்பெனி அக்கவுண்ட்ல பணம் இல்ல அண்ணி... சூதாட்டத்துல விட்டுட்டேன். ஒரு மாசம் கேட்டேன். இன்னிக்கே வேணும்னு நின்னார். அந்த ஒரு நாள் தாண்டிட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு..."

விலங்கு பூட்டப்பட்டது.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால்... ஜனீன் குனிந்து பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் இன்று காலை அவர் காபி கேட்டிருப்பார்.

வாசலில் டுவெயின் திரும்பினான். "எத்தனை வருஷம் போடுவாங்க அண்ணி?"

"ஆயுசு முழுக்க. இந்தத் தடவை நான் பொய் சொல்லலை."