கறுப்பு மை மட்டும்

யாவோர் மொம்சிலின் மேசைமேல் வைத்த தாள் மழையில் நனைந்து காய்ந்திருந்தது. ஆறு மாதத்துக்கு முன் நோயில் இறந்த அவன் மனைவி நேதாவின் நினைவு அறிவிப்பு. வ்ராத்சா நகரில் நாற்பதாம் நாள் ஒரு தாள், ஆறாம் மாதம் ஒரு தாள் என்று வாசற்கதவில் ஒட்டுவது வழக்கம். நாற்பதாம் நாள் தாளை யாவோர்தான் வீட்டிலேயே அச்சிட்டு ஒட்டினான். இது அவன் வைத்ததல்ல. அன்று காலை அடுக்குமாடிக் கதவில் நான்கு பித்தளை ஆணிகளில் நின்றிருந்தது. ஆணிகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

படத்தில் நேதா கடற்கரையில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை அவன் பார்த்ததே இல்லை. கீழே அவள் பெயர், பிறகு இரண்டே வாக்கியம்: "ஆறு மாதம் ஆகிவிட்டது. கடல் அங்கேயேதான் இருக்கிறது." வைத்தவர் பெயர் இல்லை. இறந்த தேதியும் இல்லை.

"அவ ஆபீஸ்ல அசென்னு ஒருத்தன். ஒரு கோடைல எல்லாரும் கடலுக்குப் போனாங்க. நானும் அவளும்கூட ஒரு ஞாயித்துக்கிழமை போனோம், ஆனா நான் போட்டோவே எடுக்கறதில்ல. இத எடுத்து ஒட்டினது அவன்தான். அவன் வீட்டுக்குத்தான் போயிட்டிருந்தேன் ஐயா," என்றான் யாவோர்.

"போய் என்ன பண்றதா இருந்தீங்க, தம்பி?" என்றார் மொம்சில். முப்பது வருடம் நீதிமன்றத்துக்காகப் போலி ஆவணங்களைச் சோதித்து ஓய்வுபெற்றவர்; யாவோரை வழியில் நிறுத்தி உள்ளே அழைத்தவர் அவர்தான்.

யாவோர் தாளை அவர் பக்கம் நகர்த்தினான். ஆறு மாதமாக அவளை நினைப்பது ஒன்றுதான் அவனிடம் மிஞ்சியிருந்தது. இந்தத் தாள் அதையும் பறித்துவிடும் போலிருந்தது.

மொம்சில் இரண்டு பொருள் கேட்டார்: கதவில் இன்னும் இருக்கும் நாற்பதாம் நாள் தாள், நேதா வீட்டில் அச்சிட்ட ஏதாவது ஒரு படம். அவருடைய அக்கா மகள் ருமியானா யாவோரை இழுத்துக்கொண்டு ஓடினாள். நேதா கடைசிக் குளிர்காலத்தில் அச்சிட்டுச் சமையலறையில் ஒட்டியிருந்த படம் போட்ட பூசணிப் பலகாரக் குறிப்போடும் நாற்பதாம் நாள் தாளோடும் திரும்பினார்கள்.

மொம்சில் மூன்றையும் வரிசையாக வைத்தார்.

"நாப்பதாம் நாள் தாளப் பாருங்க. மழை பட்டு முகத்தோரம் ஊதாவாக் கசிஞ்சிருக்கு. பிரிண்டர் சாம்பல் நிறத்துக்கு மூணு வண்ணத்தையும் கலக்கும். இதுலயும் மழை பட்டிருக்கு, ஆனா ஊதா இல்ல. வெறும் கறுப்புப் புள்ளி."

"அப்போ அசென் ஆபீஸ் லேசர் மெஷின்தான், மாமா."

"அவசரக்குடுக்கை. லேசர் தூள் தாள்மேல பளபளன்னு நிக்கும். இது உள்ள இறங்கின மை. வீட்டு பிரிண்டர்ல கறுப்பு மை மட்டும்னு யாரு வெப்பா?"

நேதா அப்படித்தான் வைத்திருந்தாள் என்றான் யாவோர். வண்ண மை தீர்ந்தபின் கறுப்பிலேயே ஓட்டினாள். அடக்கம் முடிந்த வாரம் அவன்தான் இரண்டு மை கார்ட்ரிட்ஜையும் மாற்றினான்.

பலகாரப் படத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடின. நேதாவின் படத்திலும் அதே இடைவெளியில் அதே கோடுகள். நாற்பதாம் நாள் தாளில் இல்லை.

"பழைய கார்ட்ரிட்ஜோட போன கோடு இது. அடக்கத்துக்கு முன்னாடி அடிச்ச தாள்."

"அதுக்கு முன்னாடியே ஆறாம் மாசத் தாள யாரு அடிப்பா?" என்ற ருமியானாவின் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"நம்ம ஊர்ல இறந்த தேதி போடாத தாள் பாத்திருக்கியா? அடிச்சவளுக்கு அப்போ அந்தத் தேதி தெரியாது."

மொம்சில் ஆணிகளைக் கேட்டார். சோபாவுக்குத் தோல் அடிக்கும் ஆணி. ஊரில் மற்றவர்கள் டேப்பால் ஒட்டுவார்கள். நேதாவின் அப்பா கென்சோவுக்கு அதுதான் தொழில்; அவள் அச்சிட்ட தாளை அவரிடம்தான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அடக்கத்துக்குப் பிறகு அவரும் யாவோரும் பேசிக்கொண்டதில்லை.

"படம்?" என்றான் யாவோர்.

"கிட்ட வெச்சா புள்ளிதான் தெரியும். கைய நீட்டிப் பிடிங்க, தம்பி."

பிடித்தான். அடியில் கறையென்று நினைத்தது மணலில் விழுந்த ஓர் ஆணின் நிழல். இடது அக்குளில் ஒரு தர்ப்பூசணி.

"பழத்தக் கீழ வெக்காத, மண்ணாயிடும்," என்றபடி நேதா தன் போனை அவன் கையில் திணித்தது நினைவுக்கு வந்தது. ஒற்றைக் கையால் எடுத்தான். படம் எப்படி வந்தது என்று கேட்கவேயில்லை.

யாவோர் எழுந்து ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டான்.

"அசென் வீட்டுக்கா?" என்றாள் ருமியானா.

"இல்ல. கென்சோ மாமாகிட்ட இதத் திருப்பிக் குடுக்கணும். கடலுக்கு வர்றாரான்னும் கேக்கணும்."