உண்ணிப்பூவுக்குத் தண்ணீர்

ஜாம் பாட்டிலில் தண்ணீர் இரண்டு விரல் குறைந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் கழுத்துவரை ஊற்றியிருந்தாள். ரயில் பாதையோரச் சரளைக்கல்லில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கிற உண்ணிப்பூ அது; காம்பைச் சாய்வாக வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, நான்கு நாணல் கதிரோடு செருகினால் ஒரு வாரத்துக்கு அரை பாட்டில் போதும். வெயிலாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி நிரப்பினாள்.

மாமியார் போய்ப் பத்து நாள். அவர் படுத்திருந்த அறையில் பினாயில் வாசனைக்கு அடியில் பழைய ஈரவாடை இன்னும் கிடந்தது. அதை மறைக்கத்தான் ஜன்னல் திட்டில் பூ.

கூடத்தில் கணவன் மாடிவீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"கடைசி வரைக்கும் அம்மாவப் பூ மாதிரி பாத்துக்கிட்டா சார். கைக்கு எட்டுற தூரத்துலயே டம்ளர் நெறைய தண்ணி வச்சிருந்தா. அந்த ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

டம்ளரை அவள்தான் வைத்தாள். ஆனால் அத்தை போன பிறகு வைத்தாள்.

அன்று மூன்றாவது தடவை நனைந்த விரிப்பை மாற்றிய எரிச்சலில், "இப்பதானே மாத்தினேன் அத்தை? நான் வர்ற வரைக்கும் தண்ணி கெடையாது" என்று டம்ளரை ஜன்னல் திட்டில் எட்டாமல் வைத்துவிட்டுக் கத்தரிக்கோலோடு கிளம்பியிருந்தாள். வெட்கம் வந்தால் எப்போதும் செய்வதுபோல் அத்தை உடம்பைக் குறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மஞ்சள் கொத்தாகத் தேடித் தண்டவாளத்தோடு நடந்தவள் மதியம்தான் திரும்பினாள். வந்ததும் முதலில் பூவுக்குத்தான் தண்ணீர் வைத்தாள். பிறகுதான் அறைக்குப் போனாள். ஜன்னலை நோக்கி நீண்டிருந்த கையை மடக்கினாள். டம்ளரை இடம் மாற்றினாள். அதன் பிறகே கணவனுக்குப் போன் செய்தாள்.

இப்போது சொல்லிவிடலாமா என்று கூடத்து வாசல்வரை போனாள். அழுது சிவந்திருந்த அவன் கண்களைப் பார்த்ததும் திரும்பி வந்தாள்.

பாட்டில் காலியாக இருந்தது.

தரையில் ஈரமில்லை. பாட்டிலில் விரிசலில்லை. பூ மட்டும் தலை தொங்கியிருந்தது. சொம்பிலிருந்து விளிம்புவரை ஊற்றினாள். ஊற்றிவிட்டுத் திரும்பி இரண்டடி வைத்தாள்.

மடக்.

காய்ந்த தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம். அவளுக்கு நன்றாகப் பழகிய சத்தம்.

மடக். மடக்.

அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்வை கட்டிலில் விழுந்தது. காலையில் விரித்த வெள்ளை விரிப்பு. நடுவில் ஒரு ஈரம். உள்ளங்கையளவு. பிறகு தட்டளவு. தொட்டாள். சூடாக இருந்தது.

"அங்க யாரும்மா?" கூடத்திலிருந்து கணவன் கேட்டான்.

அத்தை படுக்கையில் கிடந்த எட்டு மாதப் பழக்கம்தான் வாயில் வந்தது. அதே குரலில். அதே எரிச்சலில்.

"இப்பதானே மாத்தினேன் அத்தை?"

கட்டில் மெல்ல முனகியது. தலையணையில் ஒரு பள்ளம் விழுந்தது. விரிப்பின் ஈரம் குறுகிக் குறுகி நகர்ந்து, சுவர்ப்பக்கம் போய் ஒண்டிக்கொண்டது.