பன்னிரண்டு காற்றுத் துளைகள்

நெல்டாவின் மூச்சுக்குக் கான்ட்ராக்டர் லோமாக்ஸ் சொன்ன விலை ஆறாயிரத்து நானூறு டாலர். அவள் கணவன் வெர்லின் பேரம் பேசி ஐந்நூறைக் குறைத்தான். வீட்டுக்கடியில், ஆள் தவழ்ந்துதான் போகமுடிகிற இடுக்கில் பூஞ்சை. அதுதான் அவள் நெஞ்சில் இருமலாக ஏறுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லோமாக்ஸ் அங்கே மண்மேல், அடி தெரிகிற கெட்டிப் பிளாஸ்டிக் விரித்து டேப் ஒட்டினான். இடுக்கைச் சுற்றிய சுவரின் பன்னிரண்டு காற்றுத் துளைகளையும் வெளியிலிருந்து திருகி அடைத்தான். ஈரம் இழுக்கும் மெஷின் ஒன்றையும் வைத்தான்.

அந்தத் துளைகளை வெர்லினின் அப்பா ஒவ்வொரு ஈஸ்டருக்கும் திறந்துவைப்பார். தெற்கு ஜார்ஜியாவில் வீட்டுக்கு வீடு அதுதான் வழக்கம்.

"ஆகஸ்ட் காத்தை உள்ள விடுறதும் ஆத்தைத் திருப்பி விடுறதும் ஒண்ணுதான் சார். உங்கப்பா நாப்பது வருஷமா பூஞ்சைக்குத் தண்ணி ஊத்தி வளர்த்திருக்காரு" என்றான் லோமாக்ஸ்.

இருமல் என்னவோ நின்றது. மெஷின்தான் அடங்கவில்லை. மூன்று வாரமாக ஈரம் எண்பத்து மூன்று சதவீதத்திலிருந்து இறங்கவே இல்லை. போன் செய்தால், எங்கோ டேப் விட்டிருக்கும், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்பான். மூன்று செவ்வாய் போயிற்று.

ஞாயிறு மதியம் சர்ச்சிலிருந்து வந்ததும் வெர்லின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, லோமாக்ஸைத் திட்டியபடியே இடுக்குக்குள் நுழைந்தான். முதுகை உரசும் உத்திரங்கள், நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம், மெஷினின் ஓயாத முனகல், டார்ச் வெளிச்சத்தில் முழங்கைக்குக் கீழே மொறமொறக்கும் பிளாஸ்டிக் என்று அங்குலம் அங்குலமாக நகர்ந்து டேப் முழுவதையும் தடவிப் பார்த்தான். ஓரிடத்திலும் விடவில்லை.

"ஓட்டை கெடைச்சுதா, இல்ல அங்கயே குடித்தனமா?" மேலே பலகைக்கு அப்பால், கட்டிலில் படுத்திருந்த நெல்டாவின் குரல்.

அவள் கட்டிலுக்கு நேர் கீழே, பிளாஸ்டிக்கின் அடிப்பக்கத்தில், ஒரு தட்டு அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்தது. திரும்பவும் படிந்தது.

உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பு. பிளாஸ்டிக் எழும்பி கையைத் தொட்டது. தாழ்ந்தது.

ஈஸ்டரன்று கடைசித் துளையைத் திறந்ததும் அப்பா அதில் காதை வைத்து வெகுநேரம் மண்டியிட்டிருப்பார். எலிச் சத்தம் கேட்கிறார் என்றுதான் வெர்லின் நினைத்திருந்தான்.

மேலே இருமல்.

"வெர்லின், சன்னலைத் திற. காத்தே இல்ல."

திரும்பினான். இடுக்கின் வாசல் முப்பதடி. தவழ்ந்தான். பின்னால் பிளாஸ்டிக் எழும்பும் சத்தம். மேலே நெல்டாவின் இழுப்பு. இரண்டும் ஒரே தாளம்.

மூச்சை எண்ணினான். கீழே ஒன்று. மேலே ஒன்று.

முழங்கை வழுக்கியது. கீழே ஐந்து. மேலே ஐந்து, மெல்ல.

வாசலின் வெளிச்சம் தெரிந்தது. கீழே எட்டு. மேலே எட்டு.

கீழே ஒன்பது.

அசையாமல் கேட்டான்.

கீழே பத்து. மேலே எட்டு.