முப்பது மறுப்புகள்

முந்தைய நாள் காலை பதினொன்று இருபதுக்கு, இனி தினமும் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்ய மோனிஷா சம்மதித்திருந்தாள். அந்த நேரத்தில் அவள் ஒரகடத்து பேட்டரி ஆலையில் தகடு அடுக்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவேயில்லை.

பேசியது அவளுடைய மறுகுரல். கைபேசி சுருங்கிச் சுருங்கி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓர் எள்ளாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அழைப்பு வந்து உரியவர் எடுக்காவிட்டால் அதுவே எடுக்கும். உரியவரின் குரலில், உரியவர் என்ன சொல்வாரோ அதைச் சொல்லி முடித்துவிடும். அது சொன்னது சட்டப்படி அவர் சொன்னதுதான்.

"நான் ஒத்துக்கல சார்," என்றாள் மேலாளர் நிஷாந்திடம். அவள் வலது மணிக்கட்டில் அறுவைத் தழும்பு இருந்தது. எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் அந்தக் கை விளங்காமல் போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

நிஷாந்த் பதிவை ஓடவிட்டார். 'சரிங்க சார், பண்ணிடலாம் சார்.' அவள் குரலேதான். கடைசியில் வரும் சின்னச் சிரிப்புகூட.

"ஒன்பது வருஷத்துல ஒரு தடவையாவது என்கிட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கீங்களாம்மா? அது பாவம், உங்களப் பாத்துதானே கத்துக்குது."

உண்மைதான்; அதுதான் அவளைச் சுட்டது. மேலாளர் அழைத்தால் குழைவது, பிறகு கழிவறையில் கூடி அவரை வறுத்தெடுப்பது: நானூறு பெண்களுக்கும் இதே வழக்கம். அழைப்பில் பேசியதை மட்டுமே மறுகுரல் கற்றது. கழிவறைப் பேச்சு அதற்கு எட்டவில்லை. அதனால் மற்றவர்களின் மறுகுரல்களும் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சம்மதித்திருந்தன.

அன்றிரவே கையேட்டைப் புரட்டினாள். உரியவர் தன் வாயால் அழைப்பில் முப்பது முறை சொன்ன பதில், மறுகுரலின் பழக்கமாகப் பதியும் என்றிருந்தது. ஒருமுறை கொடுத்த சம்மதம் ஒரு மாதம்தான் செல்லும். பற்களைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டில் பட்டை கட்டி வேலைக்குப் போனாள். மதிய உணவுக்கூடத்தில் பயிற்சி தொடங்கியது. பெண்கள் ஒரே பலகையில் உட்கார்ந்தபடி ஒருவரையொருவர் அழைத்து, தாங்களே எடுத்துப் பேசினார்கள்.

"ரிஸ்வானா, அந்த ஊறுகாய இப்படித் தள்ளுடி."

"மாட்டேன்."

"கொஞ்சூண்டு?"

"மாட்டேன்னா மாட்டேன்."

"அடிப்பாவி, நெசமாவே மூடி வச்சிட்டா பாரேன்!"

கீர்த்தனாவுக்கு மட்டும் குரல் எழும்பவில்லை. ஏழு மாத வயிற்றோடு தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தாள்.

"யாருகிட்ட மன்னிப்பு கேக்குற?" என்றாள் மோனிஷா. "நிமுந்து சொல்லு."

பத்தொன்பதாவது முறை கீர்த்தனா கத்திய கத்தலில் சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

மாத முடிவில் சம்மதத்தைப் புதுப்பிக்க ஆலை நானூறு பேரையும் ஒரே நிமிடத்தில் அழைத்தது. நானூறு மறுகுரல்களும் மறுத்தன. மறுநாளே எட்டு மணி நேரம் திரும்பியது. மூன்றாம் நாள், ஒழுங்கீனம் என்று மோனிஷாவை மட்டும் வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அவள் அசரவில்லை. ரிஸ்வானாவை அழைத்தாள்.

"நாளைக்குக் காலைல எல்லாரும் கேட்ல நிக்கணும். எனக்காக வர்றியா?"

"மாட்டேன்."

தெளிவான, தயக்கமே இல்லாத குரல். அடுத்தவளும் அதையே சொன்னாள். நாற்பது பேரை அழைத்துவிட்டாள். நாற்பதும் அதே பதில். சொன்னது அவர்களா, அவர்களின் எள்ளா? கேட்டு அறிய வழியில்லை. கேட்டாலும் அதுதானே பதில் சொல்லும்?

மோனிஷா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

ரிஸ்வானா மாவுக் கையோடு கதவைத் திறந்தாள். "நீ கூப்பிட்டியா? நான் எப்படி வராம இருப்பேன்? உள்ள வா, லூசு." இரண்டாவது வீட்டிலும் வருவதாகச் சொன்னார்கள். மூன்றாவது வீடு கீர்த்தனாவுடையது. மோனிஷா சொன்னதை அவள் கதவுநிலையைப் பிடித்தபடி முழுவதும் கேட்டாள். வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"மாட்டேன்கா," என்றாள், நிமிர்ந்து, கண்ணைப் பார்த்து. "இந்த நேரத்துல வேல போச்சுன்னா நான் எங்க போவேன்?"

மோனிஷா எதிர்பார்த்த பதில் அதுவல்ல. ஆனால் முகத்துக்கு நேராக ஒரு பதில் கேட்டு எத்தனை காலமாயிற்று!

"சரி, உடம்பப் பாத்துக்க," என்றாள். நான்காவது வீட்டை நோக்கி நடந்தாள். இன்னும் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு கதவுகள் இருந்தன.