ஆறேகால் சாண்

"ரீஹாம், உன் உயரம் என்னம்மா? சட்டுனு சொல்லு, கடையில நிக்கிறேன்."

போனில் அப்பா. அவர் வேலை செய்யும் மீன்பிடிப் படகு சூயஸ் துறைமுகத்துக்கு வந்திருந்தது. மாலையில் மறுபடி கடலுக்குப் போய்விடும். அதற்குள் ரீஹாமுக்குப் பெருநாள் உடை வாங்கியாக வேண்டும். பெருநாளன்று புது உடை போடாத பிள்ளை அவர்கள் ஊரான எஸ்பத் எல் போர்க்கிலேயே கிடையாது.

ரீஹாம் கதவோடு ஒட்டி நின்று, தலைக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டாள். பிறகு கையை விரித்துத் தரையிலிருந்து அளந்துகொண்டே போனாள். மீனவர் வீட்டில் எல்லாமே சாண் கணக்குதான். வலையும் சாண், மீனும் சாண், பிள்ளைகளும் சாண்.

"எட்டு சாண் அப்பா! அதுக்கு மேலயும் கொஞ்சம் இருக்கு."

"எட்டா? போன பெருநாளுக்கு ஆறு சாண்தானே இருந்தே! அம்மாவையே தாண்டிட்டியா? என்ன போட்டு வளர்க்கிறா உன்னை?"

தம்பி ஹானி விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா ஒட்டகச்சிவிங்கி!"

ரீஹாமுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா போய் ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிறது. நான் எவ்வளவு உயரம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லையே என்று நினைத்தாள்.

"ஒரு மணி நேரம் கழிச்சுப் பேசறேன். சரியா அளந்து வைம்மா. தப்பா வாங்கிட்டா மாத்த முடியாது, படகு கிளம்பிடும்."

அம்மா பெருநாள் பிஸ்கட்டுக்குப் பிசைந்த மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "நான் வந்து அளக்கட்டுமா?"

"வேணாம்மா. உங்க கையும் அப்பா கை இல்லையே."

சொன்ன பிறகுதான், கைக்குக் கை சாண் மாறும் என்பது ரீஹாமுக்கே பளிச்சென்று புரிந்தது. அவள் கதவைப் பார்த்தாள். பென்சில் கோட்டுக்குக் கீழே கத்தியால் கீறிய அடையாளம் ஒன்று இருந்தது. போன பெருநாள் முடிந்து கிளம்பும்போது அப்பா தன் கையால் அவளை அளந்து கீறியது. அது அப்பாவின் ஆறு சாண்!

பள்ளிப் பையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் அளவுகோலை எடுத்தாள். தரையிலிருந்து கீறல் வரை சரியாக நான்கு அளவுகோல். நூற்று இருபது. ஆறால் வகுத்தால் இருபது. கீறலுக்கு மேலே பென்சில் கோடு வரை இன்னும் ஐந்து.

அளவுகோலின் இருபதாவது கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவின் கை இவ்வளவு பெரியது. பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தாள். அது பதினைந்தோடு நின்றுவிட்டது. அந்தப் பெரிய கை தன் தலையில் இருக்கும்போது எவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அளவுகோலை எடுத்துவைக்க மனசே வரவில்லை.

"அக்கா, போன் அடிக்குது!"

ரீஹாம் ஓடிப்போய் எடுத்தாள். "அப்பா, கேட்டுக்கோங்க. கடைக்காரருக்கு நூத்தி இருபத்தஞ்சு சென்டிமீட்டர். உங்களுக்கு ஆறேகால் சாண். உங்க கையால!"

அப்பா கடைக்காரரிடம் அளவைச் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

"கால் சாண் வளர்ந்துட்டியா? நான் பார்க்கவே இல்லையேம்மா."

"வந்து பாருங்கப்பா."

"வரேன்மா."

பெருநாளுக்கு முதல் நாள் சூயஸிலிருந்து வந்த வேனில் பொட்டலம் வந்து சேர்ந்தது. மஞ்சள் கவுன். போட்டுப் பார்த்தால் அவ்வளவு கச்சிதம். ஆனால் கீழ் ஓரம் உள்ளே மடித்துத் தைக்கப்பட்டிருந்தது, அதுவும் வலை பின்னுகிற நைலான் நூலால்!

"இந்த மடிப்பை யாரும் பிரிக்கக் கூடாதாம்" என்றார் வேன் ஓட்டுநர். "கவுன் குட்டையாகுறதுக்குள்ள உங்கப்பாவே வந்து பிரிச்சு விடுவாராம்."

ரீஹாம் மடிப்பின் மேல் அளவுகோலை வைத்தாள். ஐந்து சென்டிமீட்டர். அப்பாவின் கால் சாண்.

அன்று நோன்பு திறந்ததும் மீன் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, தட்டை மறுபடி நீட்டினாள்.

"என்னடி, இன்னிக்கு இவ்வளவு பசி?"

"பசி இல்லம்மா. சீக்கிரம் வளரணும்."