யூ.எஸ்.பி. மெழுகுவத்தி

விசிறி காற்றைத் தள்ளவில்லை, இழுத்தது.

ஜூடி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கையாலேயே செய்த விசிறி. பாட்டை நிறுத்திவிட்ட டேப் ரிக்கார்டரின் மோட்டார், பழைய சி.டி.யை வெட்டிச் சூடு காட்டி வளைத்த இறக்கை, செத்துப்போன மவுஸிலிருந்து அறுத்தெடுத்த யூ.எஸ்.பி. ஒயர். கம்ப்யூட்டரில் சொருகினால் சுற்றும். இதுபோல எத்தனையோ செய்து ராயபுரத்து பிரவுசிங் சென்டர்களுக்கும், துறைமுகத்தைச் சுற்றியிருந்த ஏஜென்ட் ஆபீசுகளுக்கும் விற்றிருக்கிறாள். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். முன்னால் வரவேண்டிய காற்று பின்னால் போகும். அவ்வளவுதான் விஷயம். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி ஒயர்களை மாற்றி ஒட்டினாள், மறுபடி சொருகினாள். இறக்கை இந்தமுறை எதிர்ப்பக்கம்தான் சுற்றியது. அதைக் கண்ணால் பார்த்தாள். ஆனால் மேஜைமேல் கிடந்த பஸ் டிக்கெட் மெல்ல நகர்ந்து, எழுந்து, விசிறியின் கம்பித் தடுப்பில் ஒட்டிக்கொண்டு படபடத்தது.

விசிறிக்குப் பின்னால் சுவர். சுவரில் நோயலின் போட்டோ. போட்டோவுக்குக் கீழே அவள் செய்த மெழுகுவத்தி, மஞ்சளாக நடுங்கி எரிந்துகொண்டிருந்தது.

நோயல் உயிரோடு இருந்தவரை அவளுடைய ஒயர் பைத்தியத்தைக் கிண்டல் செய்தே பொழுதைப் போக்கியவன். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனால் புடவைக் கடையில் நிற்பவளைப்போல நிற்கிறாள் என்பான். அவனுக்குத் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வேலை. நிலக்கரி ஏற்றிவந்த கப்பல் ஒன்றின் கிடங்கு மூடியைத் திறந்து, உள்ளே காற்று போகட்டும் என்று காத்திருக்காமல் ஒருவன் இறங்கிவிட்டான். உள்ளிருந்த காற்றையெல்லாம் கரி குடித்திருந்தது. இறங்கியவன் விழுந்தான். அவனைத் தூக்கப் போன நோயலும் விழுந்தான். மேலே கொண்டுவந்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. சவப்பெட்டிக்குள் வைத்த பிறகும் அதை மூட முடியவில்லை.

நோயலின் குடும்பத்தில் கல்லறைத் திருநாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் கல்லறையில் ஏற்றிய மெழுகுவத்திகளில் ஒன்றை அணையாமல் கையால் பொத்தி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அந்த வெளிச்சத்தோடு செத்தவரும் கூடவே வருவார். போட்டோவுக்குக் கீழே அதை வைத்து, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். மெழுகு தானாக உருகி முடிந்ததும் அவர் கிளம்பிவிடுவார். அதற்குமுன் யாரும் ஊதி அணைக்கக் கூடாது. முதல் வருஷம் ஜூடி விடிய விடிய அந்த மெழுகுவத்தியின் முன்னால் உட்கார்ந்து, அது குட்டையாகிக்கொண்டே போவதைப் பார்த்து அழுதாள். புருஷனை இரண்டாவது தடவை பறிகொடுத்த மாதிரி இருந்தது.

இந்த வருஷம் அவள் அழத் தயாராக இல்லை. கல்லறையிலிருந்து கொண்டுவந்த மெழுகுவத்தி பாதி எரிந்ததும், மகள் செலினைத் தூங்கவைத்துவிட்டு, வாயால் ஊதி அணைத்தாள். அந்த மெழுகையே உருக்கி ஒரு மஞ்சள் எல்.இ.டி. பல்பைச் சுற்றி ஊற்றினாள். தீபாவளி சீரியல் செட்டிலிருந்து எடுத்த சின்ன சர்க்யூட்டை வைத்து அதை நடுங்க வைத்தாள். யூ.எஸ்.பி. ஒயரில் எரியும், கம்ப்யூட்டரை நிறுத்தினாலும், கரண்டு போனாலும் எரியட்டும் என்று பழைய செல்போன் பேட்டரி ஒன்றையும் சேர்த்தாள். பார்த்தால் அசல் மெழுகுவத்தி தோற்றுப்போகும். உருகாத மெழுகுவத்தி.

நோயலின் அக்கா அடைக்கலமேரி காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவந்தபோது, ஜூடி அதைப் பெருமையாகக் காட்டினாள்.

"நல்லாத்தான் கீது," என்றாள் அடைக்கலமேரி. "எப்ப அணையும்?"

"அணையாது அண்ணி. கரண்டு போனாலும் எரிஞ்சிகினே இருக்கும்."

அடைக்கலமேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"அப்போ அவன் எப்பம்மா போவான்?"

ஜூடி மீன் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சொல்வதற்கு இருந்தது ஒன்றுதான்: போகவேண்டாம்.

அன்றிலிருந்தே வீட்டுக்குள் ஈரக்கரி வாசனை அடிக்கத் தொடங்கியது. துறைமுகப் பக்கம் வசிப்பவர்களுக்குக் கரித்தூள் ஒன்றும் புதிதல்ல. காலையில் துடைத்த ஜன்னல் மத்தியானத்துக்குள் கறுத்துவிடும். ஆனால் இது ஜன்னலை மூடினால் அதிகமாகிற வாசனை. கேஸ் அடுப்பின் நெருப்பு நேராக நிற்காமல் போட்டோ இருந்த சுவர்ப்பக்கம் சாய்ந்து எரிந்தது. வாசல் திரைச்சீலை எந்நேரமும் உள்பக்கமாகவே உப்பிக்கிடந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில், தெருச் சத்தம் கொஞ்சம் ஓயும்போது, போட்டோவின் கீழே ஒரு மூச்சு கேட்டது. பேச வாயெடுப்பவர் முதலில் இழுக்கிற மாதிரியான மூச்சு. நீளமாக உள்ளே போகும். போய்க்கொண்டே இருக்கும். அது திரும்ப வெளியே வந்ததை ஜூடி ஒருநாளும் கேட்கவில்லை.

பயப்பட்டாளா என்றால், இல்லை. சந்தோஷப்பட்டாள். நோயல் ஏதோ சொல்லப்போகிறான் என்று கைவேலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

பயம் செலின் மூலமாகத்தான் வந்தது. அரிச்சுவடி படிக்கிற பிள்ளை. திடீரென்று மூச்சு இழுக்க ஆரம்பித்தாள், விலா எலும்பு தெரிய. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறதே என்றார். உண்மைதான், தெருவில் இறங்கினால் பிள்ளை ஓடி விளையாடியது. வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தால் உதடு வெளுத்துப்போகும். பிள்ளையைத் தன்னோடு அனுப்பு என்று அடைக்கலமேரி இரண்டு தடவை கேட்டாள். ஜூடி இன்றைக்கு, நாளைக்கு என்று சாக்குச் சொன்னாள். புருஷன் வந்திருக்கிற வீட்டில் பிள்ளை இல்லாமல் எப்படி என்று அவளுக்குள் ஒரு பாழாய்ப்போன எண்ணம்.

விசிறியைத் திருத்தி வைத்த அந்த மழைச் சாயங்காலம், பாயில் படுத்திருந்த செலின் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அம்மா, அந்த ஃபேனை நிறுத்து. அப்பா என் காத்தெல்லாம் இழுத்துக்குது."

ஜூடியின் கையிலிருந்த அயர்ன் நழுவி மேஜைமேல் விழுந்தது. விசிறி காற்றை இழுப்பதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. இத்தனை நாள் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மூச்சு எங்கிருந்து காற்றை எடுத்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காற்றில்லாத இடத்தில் செத்தவன். அவனுக்கு எவ்வளவு காற்று இருந்தாலும் போதாது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று.

கம்ப்யூட்டர் அணைந்தது. விசிறி நிற்கவில்லை. அவள் ஒயரைப் பிடுங்கினாள். ஒயர் கையில் தொங்கியது, விசிறி சுற்றியது. மெழுகுவத்தி பேட்டரியில் எரிந்தது, நிதானமாக, அவள் விரும்பிய அதே நடுக்கத்தோடு. அதையும் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று கையை நீட்டியவள் நின்றாள். ஊதி அணைத்தால் வழி தெரியாமல் இங்கேயே நின்றுவிடுவான் என்பது அந்தக் குடும்பத்தில் குழந்தைக்கும் தெரியும். அதை ஒருமுறை செய்தாகிவிட்டது. அவன் போகவேண்டுமென்றால் மெழுகு உருகி முடியவேண்டும். உருகாமல் செய்தது அவள்தான்.

செய்தவளுக்குப் பிரிக்கத் தெரியாதா. பேட்டரியைக் கழற்றினாள். இருட்டு. நகத்தால் தோண்டி பல்பை உருவினாள். முந்தானை நூலைத் திரித்து அந்தக் குழியில் சொருகினாள். தீப்பெட்டியைத் தடவி எடுத்து உரசினாள். பொறி தெரிந்தது, தீ பிடிக்கவில்லை. இன்னொன்று. பிடிக்கவில்லை. அவளுக்கே நெஞ்சு அடைத்தது. வாயைத் திறந்து இழுத்தாலும் உள்ளே ஒன்றும் வரவில்லை. பாயில் செலின் இழுக்கிற சத்தம். சுவரோரம் வேறொரு இழுப்பு. நீளமாக. முடிவே இல்லாமல்.

இந்த அறையில் தீ எரியாது.

மெழுகை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே வராந்தாவுக்கு ஓடினாள். சாரல் அடித்தது. பிள்ளையைத் தூக்கவும் கை வேண்டும், நெருப்பைப் பொத்தவும் கை வேண்டும். ஒரு நிமிஷம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசலுக்கு முதுகு காட்டிக் குந்தி, முந்தானையை மறைப்பாகப் பிடித்து உரசினாள். முதல் குச்சியே பற்றியது. நூல் எரிந்தது. மெழுகு கையில் வழிந்து சுட்டது. அவள் விடவில்லை. வாய் ஜெபத்தைப் பாதியில் மறந்து, போ நோயலு, போ நோயலு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லும்போதே அழுதாள். அவனை வீட்டைவிட்டுத் துரத்துகிற நாள் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மெழுகு முழுதும் உருகித் தீர்ந்தது. தீ ஒரு சொட்டாகச் சுருங்கி, நீலமாகி, தானாக அணைந்தது.

அணைந்த கணம் அவள் தோளை உரசிக்கொண்டு ஒரு காற்று போயிற்று. ஈரக்கரி வாசனை. பின்னால் திரைச்சீலை படாரென்று அடித்தது. போய்விட்டான். மழை வாசனை மூக்கில் ஏறியது. நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். சுட்ட கையை ஊதிக்கொண்டே திரும்பினாள்.

திரைச்சீலை உள்பக்கமாக உப்பியிருந்தது.

அதை விலக்கினாள். விசிறி நின்றிருந்தது. தெருவில் வந்து நின்ற வண்டியின் வெளிச்சம் அறைக்குள் விழுந்து கிடந்தது. செலினுக்கு இழுப்பு இல்லை. மல்லாந்து அமைதியாகப் படுத்திருந்தாள். அப்பாடா என்று ஜூடி பக்கத்தில் மண்டியிட்டு, நெற்றியைத் தொடக் குனிந்தாள்.

விசிறியில் ஒட்டியிருந்த பஸ் டிக்கெட் கீழே விழுந்தது. தரையில் நகர்ந்தது. பாயின்மேல் ஏறியது.

செலினின் வாய் திறந்திருந்தது. மூட முடியாத மாதிரி.

பிள்ளையின் நெஞ்சு மேலே எழும்பியது. இன்னும் எழும்பியது. எழும்பிக்கொண்டே இருந்தது. குனிந்திருந்த ஜூடியின் நெற்றி மயிர் ஒவ்வொன்றாக முன்னால் சாய்ந்து, அந்தச் சின்ன வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.