நூற்று முப்பத்தேழாம் நம்பர் கார்டு

“ஐயோ... கொலை! கொலை!”

காலை ஏழு மணி. பூந்தமல்லி பஜாரே திரும்பிப் பார்த்தது.

கிணற்றடியில் நின்ற நாகேந்திரன் வாயில் பற்பொடியோடு ஓடிவந்தார்.

அலறியவள் வேம்புலியம்மாள். நாகேந்திரனின் வைத்திய நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். துடைப்பத்தை ஈட்டி மாதிரி பிடித்தபடி வாசலில் நின்றாள்.

“வவுத்தக் கிழிச்சி கொடல உருவிட்டானுங்க டாக்டரய்யா!”

“யார் வயித்தை?”

“உங்க பீரோ வவுத்தத்தான்!”

நாகேந்திரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். வந்த உயிர் மறுபடியும் போயிற்று!

பீரோவின் பன்னிரண்டு இழுப்பறைகளும் தரையில் கிடந்தன. நானூற்றுப் பன்னிரண்டு கார்டுகள்... ஒன்றுகூட இல்லை!

ரிஜிஸ்திரார் ஆபீசில் குமாஸ்தா வேலை, காலை வேளையில் ஹோமியோபதி வைத்தியம். அதுதான் நாகேந்திரன். வந்தவர்களிடம் என்ன கனவு, எதைக் கண்டால் பயம், எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்றெல்லாம் துருவிக் கேட்டு, எட்டு வருஷமாக எழுதிய கார்டுகள். எந்த ஊர் வைத்தியரும் வந்து பார்த்துப் பயன்படட்டும் என்றுதான் ‘ஹோமியோபதி விவர நிலையம்’ என்று வாடகை இடத்தில் போர்டு மாட்டியிருந்தார். 1936-இல் அப்படி ஒன்று அந்தப் பக்கத்தில் எங்கேயும் கிடையாது.

இன்று பதினொரு மணிக்கு நசரத்பேட்டை மர வியாபாரி நஜீர் சாயபு வருகிறார். காலமான அண்ணன் சேர்த்து வைத்த கல்கத்தா ஹோமியோபதி புத்தகங்கள் மூன்று பெட்டி அவரிடம் இருந்தன. கார்டுகள் ஒழுங்காக இருந்தால் பெட்டிகள் நிலையத்துக்கு. இல்லாவிட்டால் இன்றே பெங்களூரில் வேறொரு வைத்தியருக்கு!

நாகேந்திரன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

“அழுவாதீங்க! ஏட்டய்யாவ இட்டாறேன்!”

ஏட்டு பரந்தாமன் வந்தார். மீசை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார். அவர் பேரைக் கேட்டால் திருடர்கள் ஆவடி தாண்டி ஓடுவார்களாம். அவரே சொல்வார்!

“யார் மேல சந்தேகம்?”

“யார் மேலயும் இல்லீங்க.”

“எனுக்கு ஊர் மேலயே சந்தேகம்! அவனவன் ரகசியத்த அல்லாம் கார்டுல எழுதி வச்சிக்கீற. எவன் சும்மா இருப்பான்? பத்து பேராச்சும் வந்துகீறானுங்க. விட்டுத் தள்ளு, கெடைக்காது!”

“தேடவே இல்லியே ஏட்டய்யா!”

“நான் சொன்னா சொன்னதுதான்! தொண்ட காயுது, மோர் கொண்டா.”

வேம்புலியம்மாள் பின்கட்டுக்குப் போனாள். அங்கிருந்து இன்னோர் அலறல்!

“என் நார்த்தங்கா ஊறுகா! ஜாடிய நக்கி வச்சிட்டுப் போய்க்கிறான் பாவி! அடியில இருந்த கல்லுப்பக் கூட உடல!”

நாகேந்திரன் அழுகையை நிறுத்தினார்.

குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். மூன்று சொட்டு மெழுகு. அடுத்த பெஞ்சு... மூன்று சொட்டு. கதவுக்குப் பின்னால்... அங்கேயும் மூன்று!

‘கார்டு பீரோவில் இருக்கிறது. இவன் எதற்கு மெழுகுவத்தியோடு பெஞ்சுக்கு அடியில் மூன்று மூன்று தடவை பார்த்தான்?’

குமாஸ்தா நாகேந்திரன் அந்த நிமிஷமே வைத்தியர் நாகேந்திரன் ஆனார். திருடனையும் ஒரு நோயாளியாக வைத்துக்கொண்டால் என்ன? நோய்க்குறிகள் அச்சடித்த தடித்த புத்தகத்தைப் பிரித்தார்.

உப்பின் மேல் தீராத ஆசை... சரி!

ஒளிந்திருக்கும் திருடனைப் பற்றிய பயம், தேடிப் பார்க்காமல் மனம் அடங்காது... சரி!

மருந்து: நாட்ரம் மூர். சோற்றில் போடும் உப்பிலிருந்து செய்தது. இந்த வருஷம் அதை மூன்று பேருக்குத்தான் கொடுத்திருந்தார். ஒருத்தர் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஒருத்தி பிரசவத்துக்குத் திருநின்றவூர் போயிருக்கிறாள்.

மூன்றாவது...

நாகேந்திரன் மெல்லத் தலையைத் தூக்கினார்.

ஏட்டு பரந்தாமன் மோரில் இரண்டாவது கை உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டுவிட்டு நாற்காலியில் உட்காரப் போனவர், ஒரு தடவை குனிந்து அதன் அடியில் பார்த்துக்கொண்டார்!

“ஏட்டய்யா... கார்டை எங்க வச்சிருக்கீங்க?”

மோர் மீசையில் வழிந்தது.

“டேய்... யாரப் பாத்து...” குரல் பாதியில் உடைந்தது. “எனுக்குத் திருடன்னா பயம்னு அதுல எழுதிக்கீறியே நைனா! ஊருக்குத் தெரிஞ்சா நான் எப்பிடி லத்தியத் தூக்கறது? என் பேரு போட்ட கார்ட மட்டும் எடுக்கத்தான் வந்தேன். கெடைக்கல! அதான் அல்லாத்தையும் வாரிகினு போய்ட்டேன்.”

“கார்டுல பேரே கிடையாதுங்களே! நம்பர்தான். பேரெல்லாம் என் மனசுக்குள்ள இருக்கு.”

ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார்.

“இப்ப கார்டு எங்க?”

“ஸ்டேஷன் லாக்கப்புல. வெளிய வச்சா... எவனாச்சும் திருடிடுவான்ல?”

பத்தே முக்காலுக்குக் கை வண்டியில் கார்டுகள் வந்து இறங்கின. மூவரும் அவசர அவசரமாக இழுப்பறைகளில் அடுக்கினார்கள். பதினொன்றுக்கு நஜீர் சாயபுவின் குதிரை வண்டி வந்து நின்றது.

சாயபு இழுப்பறையில் கையை விட்டு ஒரு கார்டை உருவினார். நம்பர் நூற்று முப்பத்தேழு!

அது ஏட்டின் கார்டு! வாசலில் விறைப்பாக நின்ற ஏட்டு தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டார்.

“திருடன் என்றால் பயம். கட்டிலுக்கு அடியில் மூன்று முறை பார்த்த பிறகே தூக்கம்...” சாயபு உரக்கப் படித்தார். “யாருப்பா இந்த ஆளு?”

“மன்னிக்கணும் சாயபு. புத்தகம் தராட்டாலும் பரவாயில்லை. பேரைச் சொல்ல மாட்டேன்.”

சாயபு அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாகேந்திரனின் காதருகே குனிந்தார்.

“அந்த ஆளுக்குக் குடுத்த மருந்துல... எனக்கும் ஒரு பொட்டலம் போடு. நான் நாலு தடவ பாக்கறேன்!”

நாகேந்திரனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூன்று பெட்டிகளும் உள்ளே இறங்கின.

“அண்ணன் உசிரு மாதிரி வச்சிருந்த புஸ்தகம்பா. ராத்திரி காவலுக்கு தைரியமான ஆளா போடணும்.” சாயபுவின் பார்வை வாசலுக்குப் போனது. “அட, நம்ம ஏட்டய்யா இருக்காரே! அவரே படுத்துக்கட்டும்!”

ஏட்டு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வேம்புலியம்மாள் துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு அருகில் வந்தாள்.

“கவலப்படாதீங்க ஏட்டய்யா! தொணைக்கு நான் கீறேன். பெஞ்சுக்கு அடியில நான் பாத்துக்கறேன்... நீங்க என் ஊறுகா ஜாடி பக்கம் மட்டும் பாக்காதீங்க!”